அரிசி ஆலைக்குள் ஐபி தொலைபேசி: நீடாமங்கலத்திலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

நீடாமங்கலம் பக்கம் குடும்பமாக நடத்தும் நவீன அரிசி ஆலையில் கணினி வலையத்தின் வழியே பேசும் எட்டுத் தொழிற்சாலை ரக ஐபி தொலைபேசிகளைப் பொருத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் ஒரு சிறிய கணினியில், அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் ஓடுகிறது. கொதிகலன் பக்கத்திலும் உமிக்களத்திலும் உள்ள இரண்டு கருவிகள் தாமாகவே அணைந்து எழுகின்றன. மன்னார்குடிச் சாலையில் உள்ள இரண்டாவது கிடங்கிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறது, ஆனால் எடுத்துப் பேசினால் ஒரு பக்கக் குரல் மட்டுமே கேட்கிறது. அமைப்புப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதன் கடைசி வரியில், போன மாதம் கொதிகலன் ஆள் கூப்பிட்டும் அலுவலகத்துக்குக் கேட்கவில்லை என்று போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அதையே உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்: அவசரத்தில் கையில் எடுத்தால் எதிர்முனையில் ஆள் பேசுவார் என்று நம்பும்படி இந்தத் தொலைபேசிகளை எப்படி ஆக்குவது?

நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பழகி, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அரிசி ஆலைகள், தவிட்டு எண்ணெய் ஆலைகள், உப்பளக் கிடங்குகள் ஆகியவற்றில் கேபிள் இழுத்து, வலையக் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச் வைத்து, தொலைபேசி கட்டி வருகிறேன். உங்கள் ஆலையை நேரில் பார்க்காமல் எழுதுவதால், எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கிடங்கில் ஒரு பக்கக் குரல் கேட்பது ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றத்தால் (நாட்) வரும் கோளாறு; இதில் எனக்கு ஐயமே இல்லை. இரண்டு கருவிகள் தாமாக எழுவதற்கு மின்சாரம் போதாததே காரணம் என்பது ஏறத்தாழ உறுதி. அந்தக் குறை கேபிளிலா, சுவிட்சிலா, முனையிலா என்பது மட்டும் ஊகம். கீழே சொல்லும் சோதனையை நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் மின்சாரம். உங்கள் கருவிகள் பிஓஇ முறையில், அதாவது தரவு வரும் கேபிளிலேயே மின்சாரமும் வாங்கி ஓடுபவை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் ஒரு முனைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். 100 மீட்டர் கேபிளில் ஆகும் இழப்பைக் கழித்தால், கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும் என்று தரம் உறுதி சொல்கிறது. 2009-இல் வந்த 802.3ஏடி தரத்தில் இந்த எண்கள் 30 வாட், 25.5 வாட். மேசையில் வைக்கும் சாதாரணத் தொலைபேசிக்கு ஐந்தாறு வாட் போதும். ஊதுகுழல் ஒலிபெருக்கியும் சுழல் விளக்கும் சேர்ந்த தொழிற்சாலைக் கருவியோ சும்மா இருக்கும்போது குறைவாக எடுத்துக்கொண்டு, மணி அடிக்கும் கணத்தில் பல மடங்கு கேட்கும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்துபோனால், பார்ப்பவருக்கு அது எப்போதாவது கெட்டுப்போகும் தொலைபேசியாகத் தெரியும். உண்மையில் கூப்பிடும்போதெல்லாம் கெட்டுப்போகும் தொலைபேசி அது. கொதிகலன் ஆள் கூப்பிட்டது கேட்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இது ஊகந்தான், ஆனாலும் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

தலைமதகில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருக்கும், கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிஓஇ மின்சாரமும் அப்படித்தான். சுவிட்சில் 48 வோல்ட் இருக்கிறது என்று அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை; கருவியின் முனையில், அது மணி அடிக்கும்போது எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு. ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் குறைந்தது 44 வோல்ட் கொடுக்க வேண்டும், கருவிக்குக் குறைந்தது 37 வோல்ட் போய்ச் சேர வேண்டும். இடையில் 7 வோல்ட்டுக்கு மேல் இழக்க இடமில்லை. கேபிள் முழுச் செம்பாக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் சந்தையில் பாதி விலைக்குக் கிடைப்பது அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பாபநாசம் பக்கம் ஓர் ஆலையில் மூன்று தொலைபேசிகளை மாற்றியும் தீராத கோளாறுக்குப் போயிருந்தேன். கேபிளின் ஓர் இழையைச் சவர பிளேடால் சுரண்டியபோது செம்பு நிறம் உரிந்து, உள்ளே வெள்ளி மாதிரி பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது. இரண்டு முறை வளைத்ததும் ஒடிந்தும் போயிற்று. அந்தக் கேபிளை மாற்றிய பிறகு, பழுதென்று ஒதுக்கி வைத்திருந்த மூன்று தொலைபேசிகளும் ஒழுங்காக வேலை செய்தன. நீங்களும் இன்றே ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள்.

சுவிட்சின் மொத்தக் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். எட்டு முனை இருப்பதாலேயே எட்டுக்கும் முழு மின்சாரம் வரும் என்று பொருளில்லை. எட்டு முனைக்கும் 15.4 வாட் வேண்டுமானால் 123 வாட்டுக்கு மேல் தேவை. கேமராவுக்கென்று விற்கும் பல சுவிட்சுகளின் மொத்த அளவே 60, 65 வாட்தான். அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அது அச்சிட்டிருக்கும். இன்னொன்று, 24 வோல்ட்டை எதையும் கேட்காமல் அனுப்பும் மலிவான மின்செலுத்திகள் உண்டு. அவை தரத்துக்கு உட்பட்டவை அல்ல, இந்தத் தொலைபேசிகளுக்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்து நீளம். செம்புக் கேபிளில் ஒரு சுவிட்சுக்கும் ஒரு கருவிக்கும் இடையே 100 மீட்டர்தான் எல்லை. கண்ணளவில் எழுபது மீட்டர் என்று தெரியும் உமிக்களம், சுவரோரமாக ஏறி, கூரைத் தாங்கியோடு போய், இறங்கி முடியும்போது நூற்றுமுப்பது ஆகிவிடும். அதற்கு மேல் போக வேண்டிய இடங்களுக்கும், ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும் எல்லா இடங்களுக்கும் ஃபைபர் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒற்றைமுறை ஃபைபரில் வழக்கமான ஒளிமாற்றியை வைத்தாலே 10 கிலோமீட்டர் வரை போகும் என்பதால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அதைவிடப் பெரிய காரணம் இடி. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டவெளி வயலுக்கு நடுவே நிற்கும் ஆலையில் மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டங்கள் ஒரு கணம் வேறுபட்டு, அந்த வேறுபாடு செம்புக் கேபிள் வழியே பாய்ந்து இரு முனைக் கருவிகளையும் கொண்டுபோய்விடும். கண்ணாடி இழையில் அது பாயாது. உலோகக் கவசமுள்ள ஃபைபராக இருந்தால் அந்தக் கவசத்தைக் கட்டட நுழைவிலேயே எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். கவசம் வேண்டாம் என்று சொல்லலாம்தான், ஆனால் நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். கவசமில்லாத கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடாமல் போட்டால் ஒரு சம்பா பருவம் தாண்டுவதில்லை என்பது என் அனுபவம். ஃபைபர் மின்சாரம் கொண்டுபோகாது என்பதால், தூரத்து முனையில் ஒரு சிறிய பிஓஇ சுவிட்சும் அதற்கொரு யூபிஎஸ்ஸும் தேவைப்படும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவியின் மேல் ஐபி 66 என்று எழுதியிருப்பதையும் ஐபி தொலைபேசி என்பதையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது தூசும் நீரும் புகாத தன்மைக்கான குறியீடு. முதல் 6 தூசு அறவே புகாது என்பதையும், இரண்டாம் 6 வலுவாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஆனால் அந்த உறுதி, கேபிள் நுழையும் இடத்தில் கேபிளின் பருமனுக்குப் பொருந்தும் கிளாண்டைப் போட்டு இறுக்கினால் மட்டுமே செல்லும். கேபிளைக் கருவியின் கீழ்ப்பக்கமாக நுழைத்து, நுழையுமுன் ஒரு கையளவு தொங்கல் விடுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. நாகை, வேதாரண்யம் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றுக்குத் திருகாணி உட்பட 316 ரகத் துருப்பிடியா எஃகு கேட்பேன். உங்கள் ஊருக்கு அது தேவையில்லை.

ஒன்றை மட்டும் என் தகுதிக்கு அப்பாற்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தவிடும் உமித்தூளும் காற்றில் அடர்ந்து பறக்கும் மூடிய இடங்களில் ஒரு தீப்பொறியே வெடிப்பை உண்டாக்க வல்லது. அத்தகைய இடத்தைத் தூசு அபாய மண்டலமாக வகைப்படுத்தினால், அங்கே வைக்கும் தொலைபேசி ஐபி 66 ஆக இருந்தால் மட்டும் போதாது, வெடிப்புக் காப்புச் சான்று பெற்ற தனி ரகமாக இருக்க வேண்டும். எந்த இடம் எந்த மண்டலம் என்று வகுப்பது அதற்கென்று பயின்ற பாதுகாப்புப் பொறியாளரின் வேலை. தவிட்டு எண்ணெய் எடுக்க ஹெக்சேன் என்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பானைப் பயன்படுத்தும் பகுதி என்றால் கேள்விக்கே இடமில்லை. பெசோ எனப்படும் மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் உள்ள கருவியைத் தவிர வேறெதையும் நான் அங்கே கொண்டுபோவதில்லை.

இனி முகவரி. பெரும்பாலான ஆலைகளில் ரவுட்டர் வாங்கியபோது வந்த 192.168.1 வரிசையே எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கேமராக்கள் 192.168.1.64 அல்லது 192.168.1.108 என்று தொழிற்சாலையிலிருந்தே ஒரு முகவரியோடு வருவது சாதாரணம். வருகைப்பதிவுக் கருவிக்கும் வெயிட் பிரிட்ஜ் கணினிக்கும் யாரோ ஒருவர் கையால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதே எண்ணை ரவுட்டர் உங்கள் தொலைபேசிக்கும் தந்துவிட்டால், இரண்டும் மாறிமாறி உயிர்பெற்று மாறிமாறிச் செத்துக்கொண்டிருக்கும். மன்னார்குடி அருகே ஓர் ஆலையில் தினமும் காலை எட்டு மணிக்கு வாசல் தொலைபேசி செத்து, மாலை ஐந்தரைக்குப் பிழைத்தது. காரணம், கணக்கர் வந்து கணினியைப் போடும் நேரமும் அணைக்கும் நேரமும் அவை. இரண்டுக்கும் ஒரே முகவரி. ஆகவே தொலைபேசிகளுக்கென்று ஒரு தனி வி-லேனும் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி வலையம்), 192.168.50 போன்ற தனி வரிசையும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கருவியின் மேக் முகவரியையும் (தொழிற்சாலையிலேயே தந்த அடையாள எண்), முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சேவையில் பதிந்து, எப்போதும் அதே எண் கிடைக்கும்படி செய்யுங்கள். கருவியில் கையால் எண்ணைப் போடுவதைவிட இது நல்லது. கருவி பழுதாகி மாற்றினால் ஒரே இடத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆஸ்டரிஸ்க் கணினிக்கு மட்டும் நிலையான முகவரியைக் கையால் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.

நீங்கள் கேட்ட கட்டங்களுக்கு இப்போது வருகிறேன். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்ஐபி நெறிமுறையில் ஒரு தொலைபேசி தன்னைப் பதிந்துகொள்ள நான்கு விவரங்கள் போதும்: சேவையகத்தின் (உங்கள் ஆஸ்டரிஸ்க் கணினியின்) முகவரி, பயனர் எண், சான்றுப் பெயர், கடவுச்சொல். பயனர் எண்ணும் சான்றுப் பெயரும் பெரும்பாலும் ஒன்றே. சில கருவிகளில் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு ஆகாது. எனவே இரண்டிலும் நிரப்பிவிடுங்கள். முனை எண் (போர்ட்) 5060, போக்குவரத்து யுடிபி. தொலைபேசி முதலில் கடவுச்சொல் இல்லாமல் ஒரு பதிவுக் கோரிக்கையை அனுப்பும், சேவையகம் 401 என்று மறுக்கும், பிறகு தொலைபேசி சான்றோடு மறுபடி அனுப்பும், 200 என்று ஏற்பு வரும். பதிவேட்டில் 401-ஐப் பார்த்துவிட்டுப் பலர் பதறிப்போகிறார்கள். அது முறையான நடப்பு. 401-க்குப் பின் 200 வராமல் 403 வந்தாலோ, 401-ஏ திரும்பத்திரும்ப வந்தாலோதான் கடவுச்சொல்லை ஐயப்பட வேண்டும். பதில் எதுவுமே வராவிட்டால் கடவுச்சொல்லைத் தொடாமல் கேபிளையும் வி-லேனையும் பாருங்கள். பதிவின் ஆயுள் வழக்கமாக 3600 நொடி என்றிருக்கும். நான் 300-ஆகக் குறைத்துவிடுவேன்; சேவையகம் ஒருமுறை அணைந்து எழுந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்காமல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாக் கருவிகளும் திரும்பப் பதிந்துவிடும்.

குரலை எண்களாக மாற்றும் குறிமுறையில் (கோடெக்) ஜி.711 ஏ-லா ஒன்றை மட்டும் முதலிடத்தில் வைத்து, மற்றவற்றை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் தொலைபேசி வலையமைப்பு ஏ-லாவில் ஓடுவதால் வெளி அழைப்புக்கும் மாற்றம் தேவைப்படாது. தரவுப் பொதிகளின் முகவரித் தலைப்புகளும் சேர்ந்து ஒரு திசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் ஆகும். எட்டுத் தொலைபேசியும் ஒரே சமயம் பேசினாலும் ஒரு திசையில் ஒரு மெகாபிட்டைத் தொடாது. ஒரு கேமரா மட்டுமே இரண்டு முதல் நான்கு மெகாபிட் அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இல்லாவிட்டால் பேசவே முடியாது என்று யாராவது சொன்னால் அதற்காகப் பெரிய செலவு செய்ய வேண்டாம். டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை எண்ணைக் குரலுக்குப் போட்டு, சுவிட்சில் அதை மதிக்கும்படி ஒரு தேர்வைச் செய்தால் உள்ளூருக்கு அதுவே அதிகம். ஜிகாபிட் சுவிட்ச் இருக்கும் ஆலைக்குள் குரல் உடைந்தால், காரணம் நெரிசலைவிடக் கேபிள் முனை சரியாக அழுத்தப்படாததாகவே இருந்திருக்கிறது. இடையில் கம்பியில்லா இணைப்பு இருந்தால் மட்டும் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

கொதிகலன் தொலைபேசியில் ஹாட்லைன் என்ற அமைப்பைக் கட்டாயம் போடுங்கள். கைப்பிடியை எடுத்தவுடன் எண் அழுத்தாமலே போக வேண்டிய எண்ணுக்கு அழைப்பு போகும். காத்திருப்பு நேரத்தைச் சுழியமாக வைத்தால் அந்தக் கருவியிலிருந்து வேறு எண்ணை அழைக்க முடியாது. மூன்று நொடி வைத்தால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் கொதிகலனுக்குச் சுழியம்தான் சரி என்று நினைக்கிறேன். கையுறையோடு, ஆவி மறைக்கும் இடத்தில், பதற்றத்தில் இருப்பவர் எண்ணைத் தேடக் கூடாது. அந்த அழைப்பு அலுவலக மேசையில் மட்டும் அடித்தால், மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் அது அடித்து ஓயும். ஆஸ்டரிஸ்கில் ஒரு குழு எண்ணை உருவாக்கி, அலுவலகம், வாசல் காவல், உலர்த்தி இயக்குபவர் மூவருக்கும் ஒரே சமயம் அடிக்கும்படி செய்து, ஹாட்லைனை அந்தக் குழு எண்ணுக்குத் திருப்புங்கள்.

கேட்பது என்பது ஒலியையும் பொறுத்தது. உமி நீக்கும் இயந்திரமும் தீட்டும் இயந்திரமும் ஓடும் தளத்தில் கையடக்க மானியில் அளந்தபோது 90 டெசிபலை ஒட்டி இருந்திருக்கிறது. சூழல் இரைச்சலைவிட 10 முதல் 15 டெசிபல் கூடுதலாக ஒலித்தால்தான் மணி காதில் விழும். ஒலி, திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், ஊதுகுழலைத் தூணில் உயர வைப்பதைவிட ஆள் நிற்கும் இடத்துக்கு நேராகத் திருப்பி வைப்பது பயன் தரும். இரைச்சல் மிகுந்த தளத்தில் கருவியின் ரிலே முனையில் ஒரு சுழல் விளக்கையும் சேர்த்துவிடுங்கள். எல்லாக் கருவிகளிலும் ஒரே சமயம் அறிவிப்புச் செய்ய மல்டிகாஸ்ட் முறை இருக்கும். 239-இல் தொடங்கும் ஒரு முகவரியை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் போட வேண்டும். சில நிமிடம் வேலை செய்து பின் நின்றுபோனால், அறிவிப்பைக் கேட்கும் கருவிகளுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் சுவிட்சில் இயங்கி, யார் கேட்கிறார்கள் என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் இல்லை என்று பொருள். அதையும் இயக்கிவிட்டால் சரியாகும்.

இரண்டாவது கிடங்கின் ஒரு பக்கக் குரலுக்கு வருவோம். எஸ்ஐபி செய்தி வேறு, குரல் வேறு. மணி அடிக்கச் சொல்லும் செய்தி 5060 வழியே போய்விடுகிறது. அதற்குள், எனக்கு வர வேண்டிய குரலை இந்த முகவரிக்கு அனுப்பு என்று ஒரு வரி இருக்கும். கிடங்கின் தொலைபேசி அதில் தன் உள்முகவரியை, 192.168-இல் தொடங்குவதை, எழுதி அனுப்புகிறது. அது அந்தக் கிடங்குக்குள் மட்டுமே பொருள் உள்ளது. ஆலையின் சேவையகம் குரலை அங்கே அனுப்பினால் அது வெளியே போகாமலே தொலைந்துபோகும். ஆகவே கிடங்குக்காரர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. சேவையகம் தன் உள்முகவரியை எழுதினால் இதன் தலைகீழ் நடக்கும். பல ரவுட்டர்களில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இதைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு மேலும் குழப்பும். இரு பக்க ரவுட்டர்களிலும் முதலில் அதை அணையுங்கள். ஆஸ்டரிஸ்கில் வெளிமுகவரியையும் உள்வலைய வரிசையையும் தனித்தனியே குறித்து, குரலுக்கான 10000 முதல் 20000 வரையான யுடிபி முனைகளைத் திறந்தால் பேசலாம்தான். ஆனாலும் நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். கிடங்கில் மொபைல் சிம் போட்ட ரவுட்டர் இருந்தால் நிறுவனமே ஒரு முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது, உங்கள் கையில் எதுவும் இல்லை. தவிர, 5060-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்த சேவையகத்தைச் சில மணி நேரத்துக்குள் கடவுச்சொல் தேடும் நிரல்கள் தட்டத் தொடங்கிவிடும். ஒரு வாடிக்கையாளர் பயனர் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். சனி, ஞாயிறு இரண்டே நாளில் அவர் இணைப்பு வழியே வெளிநாட்டு அழைப்புகள் போயிருந்தன.

இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே விபிஎன் சுரங்கம், அதாவது இணையத்தின் ஊடே பிறர் புக முடியாத தனிப்பாதை, அமைப்பதே என் பரிந்துரை. கிடங்குக்கு 192.168.51 என்று வேறு வரிசை கொடுங்கள். இரு பக்கமும் ஒரே வரிசை இருந்தால் சுரங்கம் பயன்படாது. சுரங்கம் அமைந்தபின் கிடங்கின் தொலைபேசி ஆலைக்குள்ளேயே இருப்பது போல நடந்துகொள்ளும், தொலைபேசிக்கென்று எந்த முனையையும் வெளியே திறக்க வேண்டியதில்லை. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். இவ்வளவு அருகில் அது தாண்டாது.

சேவையகத்தை ஆலைக்குள்ளேயே வைத்திருப்பது சரியான முடிவு. மாதக் கட்டணத்துக்கு இணையத்தில் வைத்துக்கொள்ளும் சேவைக்கு யாராவது மாற்றச் சொன்னால், உள் அழைப்புகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் பல நாள் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை. ஜெனரேட்டரில் ஓடிய ஓர் ஆலையில் வாசலிலிருந்து உலர்த்திக்கும் கிடங்குக்கும் தடையில்லாமல் பேசிக்கொண்டார்கள். கூரை பறந்த கிடங்கிலிருந்து மூட்டைகளை எங்கே மாற்றுவது என்று அந்தத் தொலைபேசியில்தான் முடிவு செய்தார்கள். அது நடந்ததற்குக் காரணம் சேவையகம், சுவிட்ச், ஃபைபர் முனை மூன்றும் யூபிஎஸ்ஸில் இருந்ததே. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் ஆகும் அரை நிமிடத்தில் சுவிட்ச் அணைந்துவிட்டால், தொலைபேசிகள் எழுந்து பதிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஆலையில் ஆபத்து நேரும் நிமிடமும் பெரும்பாலும் அதுவே. அதே காரணத்துக்காகத் தொலைபேசியை ஒரே எச்சரிக்கை வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கையால் இயக்கும் சங்கு கொதிகலன் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

வெளி இணைப்பு வேண்டுமானால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்கு, அதாவது சேவையகத்தைப் பொதுத் தொலைபேசியோடு சேர்க்கும் இணைப்பு, வாங்குங்கள், பிஎஸ்என்எல்லும் தருகிறது. கைப்பேசி சிம் செருகும் பெட்டியை வைத்து இணைய அழைப்புகளைப் பொதுத் தொலைபேசிக்கு மாற்றித்தரும் குறுக்கு வழிகளில் சட்டச் சிக்கல் உண்டு, தொடவே வேண்டாம். டிரங்கு வந்ததும் எல்லாக் கருவிகளிலிருந்தும் 112-ஐ அழைக்க முடிகிறதா என்று எண் அமைப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு அழைப்பை முழுதாக அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு தொலைபேசியின் அமைப்புப் பக்கத்துக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

செய்யும் வரிசையில் சொன்னால், நாளைக் காலை உமிக்களத்துத் தொலைபேசியைக் கழற்றிக் கொண்டுவந்து, சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு மீட்டர் கேபிளில் மாட்டி, ஒலியை முழுதாக வைத்துப் பத்து முறை மணி அடிக்கச் செய்யுங்கள். அணையாமல் இருந்தால் குறை கேபிளில். அங்கேயும் அணைந்தால், மற்ற ஏழையும் கழற்றிவிட்டு இதை மட்டும் வைத்துப் பாருங்கள். இப்போது சரியாக ஓடினால் சுவிட்சின் மொத்தக் கொள்ளளவு போதவில்லை, இன்னும் அணைந்தால் அந்த முனையோ கருவியோ பழுது. கிடங்குக்குச் சுரங்கம் போட்ட பிறகும் ஒரு பக்கக் குரலே கேட்டால், சேவையகத்தில் ஒரு அழைப்பை வயர்ஷார்க்கில் (வலையத்தில் போகும் செய்திகளைப் பதிந்து காட்டும் மென்பொருள்) பிடித்து, குரல் அனுப்பச் சொல்லும் வரியில் எந்த முகவரி இருக்கிறது என்பதையும், சுவிட்சின் ஒட்டுச்சீட்டில் உள்ள வாட் அளவையும், சுரண்டிப் பார்த்த கேபிளின் நிறத்தையும் இங்கேயே எழுதுங்கள். கடவுச்சொல்லும் வெளிமுகவரியும் தெரியாதபடி அழித்துவிட்டுப் போடுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.